முடிச்சு அவிழ்க்காத பிரசாதம்

சித்தி குடும்பத்தோடு கதிர்காமம் போய்விட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில், யானை பார்க்கலாமென்று உடவளவைக் காட்டோரம் வாடகை வானை நிறுத்தினோம். மின்வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய யானை ஒன்று, பஸ் ஸ்டாண்டில் பிச்சை கேட்பதுபோலத் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் காட்டு விலங்கு என்று சொல்லவே நாக்குக் கூசியது. வேலியோரம் கிடந்த யானை லத்தியில் பொலித்தீன் சொப்பிங் பேக் ஒன்று செரிக்காமல் சுருண்டிருந்தது. அதன் இளஞ்சிவப்பு நிறம்கூட மாறவில்லை.

சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசைத் தட்டில் மிஞ்சிய பழங்களை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு இறுக்கி முடிந்தார்.

"பேக்கோட எறியாதீங்கோ சித்தி. அந்த லத்தியைப் பாருங்கோ" என்றேன்.

"பிரசாதம் நிலத்தில படக்கூடாது. சாமிக்குப் படைச்சது ஒண்டும் செய்யாது."

பொதி வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. யானை அதை அப்படியே வாய்க்குள் தள்ளியது. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள், ஃபோனில் படம் பிடித்தார்கள். பக்தியாம்! நான் காறித் துப்பிவிட்டு வானில் ஏறினேன்.

வான் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில், சித்தியின் மடியிலிருந்த கைக்குழந்தைப் பேத்தி, கையில் அகப்பட்ட வெறும் பேக் ஒன்றைச் சப்பத் தொடங்கியது. சித்தி பதறிப்போய் அதன் வாய்க்குள் விரலை விட்டார்.

"துப்பு, துப்பு! பொலித்தீன் வயித்துக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து!"