நிறம் திரும்பி வந்த தண்ணீர்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜமணி அண்ணாச்சி போன் செய்தார். "டீச்சர், தம்பி போயிட்டான். சர்ச்சுக்குக் கெளம்பிச் சட்டையை மாட்டுனவன் அப்படியே சாஞ்சிட்டான்" என்றார். அவருடைய தம்பி ஞானசெல்வம் சார் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியர். நான் அங்கே கணக்கு டீச்சர். முந்தின நாள் மாலைகூட, "திங்கக்கெழமை ஐஸ் வாங்குறது உங்க முறை, மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சார் வீட்டுக்குப் போனார்கள். அந்த ஐஸ் எதற்கு என்று சொன்னால்தான் சாரைப் பற்றிச் சொன்னதாகும்.

எனக்கு வேதியியல் சுட்டுப்போட்டாலும் வராது. சார் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "உங்க சேலை ஏன் செவப்பா இருக்குன்னு சொல்லுதேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார்கள். கார்பனில் எலக்ட்ரான்கள் குடியிருக்கும் ஆர்பிட்டால்கள் தமக்குள் கலந்து புது வடிவம் எடுப்பதை இனக்கலப்பு என்கிறார்கள். சாயத்தில் உள்ள கார்பன் மூன்று கைகளைத் தட்டையாக நீட்டி, கலக்காத ஓர் ஆர்பிட்டாலை நிமிர்த்தி வைத்துக்கொள்கிறதாம். பக்கத்துப் பக்கத்து அணுக்கள் எல்லாம் அப்படி நின்றால், அவற்றின் எலக்ட்ரான்கள் லைன் வீட்டு முற்றம் போல அந்த இடத்தைப் பொதுவில் புழங்கும். முற்றத்தின் நீளத்தைப் பொறுத்து அந்த மூலக்கூறு எந்த ஒளியை விழுங்கும் என்பது அமையும். விழுங்காத ஒளிதான் நம் கண்ணுக்கு நிறம். "ஓரத்துல எலக்ட்ரானைத் தள்ளுற அணுக்கூட்டம் ஒண்ணு ஒட்டுனா மஞ்ச செவப்பாயிரும்" என்றார்கள். அன்று தலையாட்டி வைத்தேன்.

ராஜமணி அண்ணாச்சிக்கு ஊருக்கு வெளியே நூல் சாயப்பட்டறை. விசைத்தறிக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் நூல் கொடுப்பார்கள். பட்டறையை ஒட்டிய கிணற்றில்தான் அக்கம்பக்கத்தார் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள். கழிவு சிவப்பாக ஓடுகிறது என்று அவர்கள் சண்டைக்கு வந்ததும், அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். நூலில் பிசகிய சாயத்தை எடுக்கப் பட்டறையில் ஹைட்ரோ என்று ஓர் உப்பு இருக்கும். அதைக் கழிவில் போட்டதும் நிறம் மாயமானது. தெளிந்த தண்ணீரைப் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டி அதில் விட்டார். சண்டைக்கு வந்தவர்களே நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

சார் மட்டும் விடவில்லை. "நிறம் போனா வெசம் போச்சுன்னு எந்தப் பொஸ்தகத்துல இருக்கு? ஹைட்ரோ, சாயத்துக்கு நடுவுல உள்ள நைட்ரஜன் பாலத்தைத்தான் வெட்டும். முற்றம் ரெண்டாயிரும், நிறம் போயிரும். ரெண்டு துண்டும் தண்ணிக்குள்ளதானண்ணே கெடக்கு."

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்குலே. தொழிலை மூடச் சொல்லுதியா?" என்றார் அண்ணாச்சி.

அந்தச் சாயத்தின் துண்டுகளில் சில புற்றுநோய் வரை கொண்டுவிடும் என்பது சாருக்குத் தெரியும். பேசிப் பயனில்லை என்று அண்ணனைப் பள்ளி ஆய்வகத்துக்கே அழைத்து வந்தார்கள். பேருந்து நிலையத்துச் சர்பத் கடையில் ஐஸ் வாங்கி வந்தது நான். ஹைட்ரோவின் வீரியம் அடங்கக் காற்றாட வைத்திருந்த அந்தத் தெளிந்த நீரை ஐஸில் குளிரவைத்து, அமிலமும் நைட்ரைட்டும் விட்டார்கள். பிறகு காரத்தில் கரைத்த நாப்தாலைச் சொட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அனிலினுக்குச் செய்கிற அதே சோதனைதான்; வெட்டுப்பட்ட துண்டு தண்ணீரில் இருந்தால் நாப்தாலோடு புதுப் பாலம் போட்டு நிறம் காட்டிவிடும். பளிங்குத் தண்ணீர் குங்குமமாகச் சிவந்தது.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கெணத்துத் தண்ணியையும் பாருலே" என்றார், குரல் இறங்கி. அதுவும் ஆரஞ்சாக மாறியது.

குழியை மூடினார்கள். கிணற்றுக்கு வேலி போட்டு, அக்கம்பக்கத்துக்கு அண்ணாச்சியே லாரியில் தண்ணீர் விட்டார். அந்தச் சாயங்களை விட்டொழித்து, கழிவைத் தொட்டியில் தேக்கிச் சுத்திகரிப்புக்கு அனுப்பினார். பிழைப்பு ஆட்டம் கண்டது. ஆனாலும் தம்பியோடு பேச்சு அறுந்துவிடவில்லை. திங்கள்தோறும் கிணற்று நீரைச் சோதிப்பது சாருக்கு வழக்கமாயிற்று. இறைத்து இறைத்துக் கொட்டியதிலும் மழையிலும் நிறம் வெளிறிக்கொண்டே வந்தது. "இன்னும் வருதே. வராமப் போற வரைக்கும் வேலி இருக்கட்டும்" என்பார்கள். அந்த நாளைப் பார்க்காமலே போய்விட்டார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அடக்கம் திங்கட்கிழமை மாலை. மறுநாள் ஆய்வகக் கதவருகே ராஜமணி அண்ணாச்சி கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார், முகம் மழிக்காமல். "நேத்துப் பாக்கல டீச்சர். ஐஸ் கெடைக்குமா?" என்றார்.

வாங்கி வந்தேன். அவர் சோதனைக்குழாயைப் பிடிக்க, சார் செய்வதைப் பார்த்துப் பழகிய நானே சொட்டினேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம்.

"வருதா?"

"லேசா வருது அண்ணாச்சி."

"சரி, அடுத்த திங்கக்கெழம பாப்போம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சார், நிம்மதியாக உறங்குங்கள். அந்தச் சோதனைக்குழாயில் நிறம் வராத அன்று, வேலியைப் பிரித்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு உங்கள் கல்லறைக்கு நாங்கள் இருவரும் வருவோம்.