பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் டெஸ்பாட்ச் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. இந்த வருட ஆயுத பூஜைக்கு வைத்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் பிளாஸ்டிக்கில் ஊறி நிற்கிறது. மேசையைத் துடைக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவேன். பக்தி என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் அண்ணியின் ஞாபகம்தான் வரும், கூடவே வயிற்றெரிச்சலும்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி செய்யும் இந்தக் கம்பெனியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இருவரும் பன்னிரண்டாவது வரைதான் படித்தோம். ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. லாரியில் ஏறும் சரக்கின் எடைச் சீட்டை ஸ்கேன் செய்து எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்போம். திருவள்ளூர் ஆபீஸில் இருப்பவர்கள் அந்த ஃபோல்டரை அங்கிருந்தே நெட்வொர்க்கில் திறந்து பார்ப்பார்கள். அடிக்கடி அது திறக்காது. உடனே போன் வரும். அண்ணி எடுப்பார், நான் தாள்களை அடுக்குவதுபோல் குனிந்துகொள்வேன். முகம் தெரியாதவரிடம் பேச எனக்கு நாக்கு எழாது. அண்ணிக்கோ முகம் தெரியாதவர் என்று உலகத்தில் ஒருவரும் இல்லை. சென்னையில் உட்கார்ந்து எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் சாரிடம், "இன்னா சார், நாஷ்டா ஆச்சா? உங்க ஃபோல்டரு மறுபடியும் மொறச்சுக்கினு கீது" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் சொல்லச் சொல்ல அண்ணி எனக்குச் சொல்வார், நான் செய்வேன். பாஸ்வேர்டு மாறியிருக்கிறதா, ஷேரிங் போய்விட்டதா, வயர் ஆடுகிறதா என்று பார்க்க எனக்கும் பழகிவிட்டது. கை என்னுடையது, வாய் அவருடையது. எல்லோர் நினைவிலும் நின்றது வாய்தான்.

அப்போது திருவள்ளூர் ஆபீஸில் ஒரு இடம் காலியானது. எங்கள் இருவரில் ஒருவரை எடுத்துக்கொள்ளப் போவதாக அங்கிருக்கும் மேனேஜர் சொல்லியிருந்தார். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் திருவள்ளூர். இருட்டோடு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, பாதித் தூரம் நின்றபடியே வேலைக்கு வருகிறவள் நான். அந்த ஆபீஸோ என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். அண்ணிக்கு வீடு இங்கே கும்மிடிப்பூண்டியில். அந்த இடம் எனக்குத்தான் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும் என்று நம்பினேன். அண்ணி ஒருமுறை, "வேணும்னா வாயத் தெறந்து கேளு நாத்தனாரே. நீ கேட்டா நான் குறுக்க வரமாட்டேன். கேக்காம உட்டா நான் உடமாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த வருடத்து ஆயுத பூஜை அன்று எங்கள் ஷெட் மேஸ்திரி எல்லா மெஷின்களையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தார். எங்கள் கம்ப்யூட்டரையும் அணைத்து, முன்னும் பின்னும் துடைத்து, சாமந்தி மாலை போட்டார். பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை ஓட்டக்கூடாது என்பது எங்கள் ஷெட்டின் வழக்கம். சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது திருவள்ளூரிலிருந்து போன் வந்தது, அண்ணி எடுத்தார். காலையில் கிளம்பிய லாரியை எளாவூர் செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். எடைச் சீட்டைக் கேட்கிறார்கள். திருவள்ளூரில் ஃபோல்டர் திறக்கவில்லை. சிஸ்டம் சாரும் அதே லைனில் இருந்தார். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் நெட்வொர்க்கில் தெரிகின்றன, எங்களுடையதன் பெயரே காணோம் என்றார். மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

நான் அண்ணியின் காதில், "நம்ம சிஸ்டம் ஆஃப்ல கீது அண்ணி" என்றேன். அண்ணிக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "சார், எங்க சிஸ்டம் மால போட்டுக்கினு தூங்குது. எயுப்பி உடட்டா?"

கத்திக்கொண்டிருந்த மேனேஜரே சிரித்துவிட்டார். மேஸ்திரி மட்டும் குறுக்கே வந்து நின்றார். "பூஜ போட்டதும்மா, தொடாத. நாளிக்கிப் பாத்துக்கலாம்."

"லாரிக்காரன் வெயில்ல வெந்துக்கினு கீறான் மேஸ்திரி. நீ தள்ளு, சாமியாண்ட நான் பேசிக்கிறேன்."

சாமியிடம்கூடப் பேசிவிடுவார். ஒரு கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். அப்போதும் ஃபோல்டர் திறக்கவில்லை. நான் மேசைக்குப் பின்னால் புகுந்து பார்த்தேன். துடைக்கும்போது மேஸ்திரி நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார். சொருகினேன். அந்தப் பக்கம் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சத்தம் கேட்டது.

"யாரும்மா கண்டுபுடிச்சது?" என்று மேனேஜர் கேட்டார். அண்ணி நினைத்திருந்தால் தன் பெயரைச் சொல்லியிருக்கலாம். "எங்க நாத்தனாருதான் சார். இதோ குடுக்கறேன், அவங்களாண்டயே பேசுங்க" என்று போனை என் பக்கம் நீட்டினார். அதிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று வந்துகொண்டே இருந்தது. நான் சுண்டல் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். "பேசுடி" என்று அண்ணி உதட்டை மட்டும் அசைத்தார். கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு, "வெக்கப்படுது சார்" என்று சொல்லிப் போனைத் தன் காதுக்கே கொண்டுபோனார்.

தீபாவளிக்கு முன்பே அண்ணிக்குத் திருவள்ளூர் ஆபீஸுக்கு ஆர்டர் வந்துவிட்டது.

இப்போது நான் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வருகிறேன், அவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்குப் போகிறார். சில நாள் காலையில் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே பார்த்துக்கொள்வோம். அவருக்கு எப்படியோ ஜன்னல் சீட்டுக் கிடைத்திருக்கும். பக்கத்தில் இருப்பவளோடு பேசியபடியே எனக்குக் கையாட்டுவார். நானும் கையாட்டுவேன். திட்டித் தீர்க்க வசதியாக அவர் ஒரு தப்பாவது செய்திருக்கலாம் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே வருவேன்.

இந்த வருடப் பூஜைக்குக் கம்ப்யூட்டரை ஓடவிட்டே பொட்டு வைத்தோம். போன் அடித்தது. எடுக்க என்னைத் தவிர அறையில் யாரும் இல்லை.

"இன்னா நாத்தனாரே, ஃபோல்டரு தெறக்குது? சாமி தூங்கலியா?"

"நான்தான் அணைக்க வேணாம்னு மேஸ்திரியாண்ட சொன்னேன் அண்ணி."

"நீயா? மேஸ்திரியாண்டயா?" அண்ணி திரும்பி ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, "சார், எங்க நாத்தனாரு பேசக் கத்துக்கினாங்க!" என்று கூவினார். அங்கே எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரும்தான். அது என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எழுந்த சிரிப்பு.

போனை வைத்தேன். எதிரே பொட்டு ஈரமாக இருந்தது. அப்போது துடைத்திருந்தால் போயிருக்கும். இப்போது காய்ந்துவிட்டது.