பாலைவனத்துக்குப் பத்து லிட்டர்

1. ராஜஸ்தான் பாலைவன நடைக்குப் பெயர் கொடுத்தேன்.
2. பத்து லிட்டர் தண்ணீரைச் சுமந்து மணலில் நடந்து காட்டினால்தான் இடம் என்றார்கள்.
3. குழாயில் தண்ணீர் வராததால், பக்கத்து வீட்டுக் கிணற்றில் கேனை நிரப்பிக்கொண்டேன்.

பெசன்ட் நகர் கடற்கரை மணலில், முடிவுக் கொடிக்குச் சற்று முன்னால் மூச்சு வாங்க நிற்கிறேன். காலிக் குடத்தோடு குப்பத்துப் பெண் ஒருவர் வழிமறிக்கிறார்.

“தண்ணி லாரி எங்கம்மா கீது?”

“லாரி இல்லக்கா. இது பாலைவனத்துக்குப் பயிற்சி. கொடிகிட்ட போனதும் கீழ ஊத்திடுவேன்.”

“இன்னாது, மண்ணுலயா? குடு இப்டி!”

கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொடியைத் தாண்டி விறுவிறுவென்று நடக்கிறார். கொடியருகே குழுத் தலைவர் கைதட்டுகிறார்.

இப்போதைய நிலை: எனக்கு இடம் இல்லை. அந்த அக்காவுக்கு உண்டு; ராஜஸ்தானில் தண்ணி லாரி தினமும் வருமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.