பச்சைக் கட்டை எரிந்த அடுப்பு

என் வீட்டுக்காரருக்கு முதலில் கால்தான் குளிர்ந்தது. எங்கள் ஊர் யோங் பெங்கில் மத்தியானம் தார் ரோடு கொதிக்கும். அப்போதும் அவர் பாதத்தைத் தொட்டால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருக்கும். காலுறை போட்டுக்கொண்டு படுத்தார். நான் சிரித்தேன்.

"என்னங்க, கேமரன் மலைக்குப் போறீங்களா?"

"பேசாம படு லா."

அப்புறம் நடை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு நடந்துதான் போவோம். பாதி வழியில் நின்றுவிடுவார். கெண்டைக்கால் இழுக்கிறது என்பார். கொஞ்சம் நின்றால் சரியாகும். நடந்தால் மறுபடி இழுக்கும். ஆட்கள் பார்ப்பார்கள் என்று கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார். அதில் ஒன்றும் இருக்காது.

மரத்துக்கு மருந்து ஏற்றும் இடத்தில் அவருக்கு வேலை. பலகைகளை நீளமான இரும்பு உருளைக்குள் தள்ளி மூடுவார்கள். மருந்து உள்ளே இறங்கும். வெளியே வரும்போது மரம் பச்சை நிறமாக இருக்கும். அதற்கப்புறம் கரையான் ஏறாது. மழையில் உளுக்காது. செம்பனைத் தோட்டத்து வேலிக்கும் வீட்டுக் கூரைக்கும் போகும். அறுத்து மிஞ்சிய துண்டுகளை முதலாளி தவுக்கே சும்மா கொடுத்துவிடுவார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சும்மா வருகிற விறகை விட மனசு வராது.

வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனால் வேலை விட்டு வந்த ஆம்பளைக்கு அண்டாவில் வெந்நீர் போட வேண்டும். தோட்டத்துப் பழக்கம். தாமான் குடியிருப்புக்கு வந்தும் நாங்கள் விடவில்லை. பின்பக்கம் கல் கூட்டி அடுப்பு வைத்தேன். அந்தக் கட்டை நன்றாகப் பிடிக்கும். தீயின் ஓரம் பச்சையாக எரியும். பார்க்க அழகு. ஞாயிறு கறியும் அதில்தான் வேகும். சாம்பலையும் வீணாக்க மாட்டேன். பாத்திரம் தேய்ப்பேன். மிச்சத்தை மிளகாய்ச் செடிக்குக் கொட்டுவேன்.

இப்படியே வருஷங்கள் போயின. அவர் உள்ளங்கையில் சொரசொரவென்று முடிச்சுகள் வந்தன. மரம் தூக்கும் கை, காய்த்துவிட்டது என்று நினைத்தோம். கால் சுண்டுவிரல் கறுத்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் தமிழ்ப் பிள்ளை. எங்கள் மகள் வயசு இருக்கும்.

"அங்கிள், சிகரெட் உண்டா?"

"இல்ல."

"இனிப்பு நீர் வியாதி?"

"அதுவும் இல்ல."

அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். இவர் சொன்னார்.

"அந்தக் கட்டைய வீட்டுல எரிக்கிறீங்களா?"

நான் தலையாட்டினேன். சாம்பலையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சிறுநீர் டெஸ்ட் எடுக்கணும். அதுவரைக்கும் மீன், இறால், நண்டு வேணாம். அதச் சாப்பிட்டா டெஸ்ட் குழம்பிரும்."

"அலமாக், மீனுமா?" என்றார் இவர். அன்றைக்கு அதற்குத்தான் அவர் முகம் வாடியது.

"அடுப்பு மூட்டுறது யாரு? ஆண்ட்டியா? நீங்களும் ஒரு டப்பா எடுத்துக்குங்க."

இரண்டு டப்பாவிலும் விஷம் இருந்தது.

"மரத்துக்குப் போடுற மருந்துல ஆர்செனிக் இருக்கு," என்றார் டாக்டர். "பாஷாணம்னு சொல்வாங்கல்ல, அது. எரிச்சா புகையில வரும், சாம்பல்லயும் தங்கும். ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் ரொம்ப மெல்லிசா ஒரு தோல் இருக்கு. குழாய் விரிஞ்சு குடுக்கிறதும், ரத்தம் கட்டிக்காம ஓடுறதும் அதாலதான். ஆர்செனிக் அந்தத் தோலக் கெடுத்துரும். குழாய் இறுகிரும். அங்கிளுக்குக் கால்ல தெரிஞ்சிருச்சு."

"கால் மட்டும்தானா?" என்று கேட்டேன்.

"நெஞ்சுலயும் குழாய் இருக்கு, ஆண்ட்டி."

இவர் சிரித்தார். "மரத்தக் கரையான் அரிக்காது. என்னைய மட்டும் அரிக்குதா?"

கூட யாரும் சிரிக்கவில்லை.

கறுத்த விரலை எடுத்தார்கள். வேலையை விடச் சொன்னார்கள், விட்டார். இனி விஷம் உடம்பில் ஏறாது, ஆனால் கெட்ட குழாய் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கறுப்பு அடுத்த விரலுக்கு வராவிட்டால் கால் தப்பும். பாதத்தின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அங்கே விரலை வைத்தால் துடிப்பு தெரியும். தினமும் பார்க்க வேண்டும்.

அடுப்புக் கல்லைக் கலைத்தேன். கட்டைக் குவியல் மட்டும் அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, கட்டை வேணாம்னா குடுங்க. சாத்தேக் கறி சுடலாம்."

"தொடாத."

"கஞ்சம் லா அக்கா நீங்க."

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். அப்புறம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை. குவியலுக்குத் தார்ப்பாய் போட்டேன். காற்றில் பாய் கிழிந்தது. எத்தனை மழை பெய்தும் கட்டை உளுக்கவில்லை. மிளகாய்ச் செடியும் சாகவில்லை. சிவப்பாகக் காய்க்கிறது. நாங்கள் பறிப்பதில்லை. குருவிகள் வந்து கொத்துகின்றன.

புள்ளி அழிந்தால் நானே பேனாவால் மறுபடி வைப்பேன். காலையில் அவர் கட்டிலில் காலை நீட்டுவார். நான் விரலை வைப்பேன்.

"ஓடுதா?"

"பொறுங்க."

சில நாள் உடனே கிடைக்கும். சில நாள் தேட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் என் விரல் துடிப்பதுதான் எனக்குத் தெரியும்.

இன்றைக்கும் வைத்தேன். தேடினேன். கிடைக்கவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அடுத்த விரலின் நுனி கறுத்திருந்தது.

"ஓடுதா?"

"எழுந்திரிங்க. சட்டையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவர் காலைக் கீழே இறக்கினார். மெதுவாக எழுந்து சட்டையை மாட்டினார். நான் கீழே உட்கார்ந்து அவருக்குச் செருப்பைப் போட்டுவிட்டேன். அப்போது அவர் என் காலைப் பார்த்தார்.

"நீ எப்பலேருந்து காலுறை போடுற?"

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"கேமரன் மலைக்குப் போறியா?" என்றார். சிரிக்கவில்லை.

கார் சாவியை எடுத்தேன்.