ஒத்தப்பனைக்கு நேரே

போன வாரம் வங்கியில் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பெயர், வயதெல்லாம் சுலபமாக முடிந்தது. 'இந்த முகவரியில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள்?' என்ற கட்டத்தில் வருடம், மாதம், கிழமை என்று எழுதிக்கொண்டே போனேன். இடம் போதாமல் ஓரத்தில் அம்புக்குறி போட்டுத் தொடர்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "வருஷம் மட்டும் போதும் சார்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்பே ஒருமுறை வாங்கியிருக்கிறேன். அப்போது சிரித்தவள் அஞ்சலை. அவள் தலையில் மீன்கூடை இருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. சரியான தேதி டைரியில் இருக்கிறது. உங்களை இம்சிக்க வேண்டாம் என்று விடுகிறேன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் குமாஸ்தா. ஜாகை ராயபுரத்தில். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்த மாமா கடையிலேயே உட்காரச் சொன்னார். கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது, தொழிற்சாலைக்கு உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகக் குமாஸ்தா ஆனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பூர் நூலகத்தில் தூசி தின்பேன். கையில் ஒரு நோட்டு. அட்டையில், 'நம் கடற்கரைக்கு யார், எப்போது வந்தார்கள்?' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். கூட்டத்துக்கு ஒரு பக்கம். பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்கள், 1639-இல் கோட்டைக்கு இடம் வாங்கிய ஆங்கிலேயர்கள், அவர்களுக்குப் பின்னால் வந்த தெலுங்கு வியாபாரிகள், நெசவாளர்கள், கப்பல் சரக்கில் கைதேர்ந்த முஸ்லிம் வணிகர்கள். கடைசிப் பக்கத்தில் எங்கள் தென்மாவட்டத்துக் கடைக்காரர்கள். அதில் மாமாவின் தேதி மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. அவர் பெட்டியோடு வந்து இறங்கிய நாளை அத்தை கடைசிவரை மன்னிக்கவில்லை.

முதல் பக்கத்தில் மட்டும், 'பூர்வகுடிகள்: மீனவர். வந்த தேதி:' என்று எழுதிவிட்டுக் காலியாக விட்டிருந்தேன்.

எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவந்த அஞ்சலை ராயபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரி. அவள் புருஷன் தேசப்பன் கட்டுமரம் ஓட்டுகிறவன், என் வயதுதான். ஒருநாள் அவனிடமே கேட்டுவிட்டேன்: "தேசப்பா, ஒங்க ஆளுக இங்க எப்ப வந்தாவ?"

அவன் வலையிலிருந்து நண்டைப் பிய்த்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நாங்க எங்க நைனா வந்தோம்? இங்கயே கீறோம். வந்தவன் நீ. அத்த எய்திக்கோ."

எழுதிக்கொள்ளவில்லை. ஆதாரம் இல்லையே!

அடுத்த மாதம் விளையாட்டு வினையாயிற்று. குப்பத்தார் வலை காயப்போடும் மணல்திடலில் சரக்குக் கிடங்கு போடப் போவதாகச் சர்க்கார் நோட்டீஸ் வந்தது. திடலில் உரிமை கோருபவர்கள் எந்தக் காலம் முதல் அதை அனுபவித்து வருகிறார்கள் என்பதை ஆதாரத்துடன் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். திடல் போனால் வலை காயாது, மீன் காயாது, கட்டுமரம் ஏற்றி வைக்க இடமிராது. நாற்பது குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான். 'தேதி கேட்கிற பைத்தியம்' ஒருவன் ராயபுரத்தில் இருப்பது அவர்களுக்கு அப்போது நினைவு வந்தது.

தேசப்பன் குடிசையில் கவிழ்த்துப்போட்ட கூடைதான் எனக்கு மேஜை. பக்கத்தில் சென்னாக்குனி, அதாவது காய்ந்த பொடி இறால், குவித்திருந்தது. அன்று எழுதிய மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பீரோவைத் திறந்தால் இப்போதும் வரலாற்றில் அந்த வாடைதான் அடிக்கிறது.

"கடலு கீற நாள்லேர்ந்து கீறோம்னு எய்து நைனா" என்றான் தேசப்பன்.

"அப்படி எழுத முடியாதுப்பா. கடல் எப்ப வந்ததுன்னு கேப்பாவ."

ஏதோ பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து நான் என் நோட்டைப் பிரித்தேன். அந்தக் குப்பத்தைக் குறிப்பிடும் மிகப் பழைய வரியை ஆங்கிலேயர் காலத்துக் காகிதம் ஒன்றில் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த ஆண்டை மனுவில் எழுதி, பெருமையோடு வாசித்தும் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அஞ்சலைதான் தலையில் கூடையோடு வாசலில் நின்றபடியே கேட்டாள்:

"அத்த யாரு எய்தினாங்கோ?"

"கோட்டை அதிகாரி ஒருத்தர்."

"அந்தாளு எப்ப வந்தாரு?"

"அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி."

அப்போதுதான் அவள் சிரித்தாள். "அப்ப அது நாங்க வந்த தேதி இல்ல சாரு. அவரு எங்கள பாத்த தேதி. நீ எங்கள வெள்ளக்காரனுக்கு அப்பால எறக்கி வுட்டுட்டியே!"

குடிசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாயிற்று. அந்த மனு போயிருந்தால் பூர்வகுடிகள் என் கையெழுத்திலேயே குடியேறிகளாகியிருப்பார்கள்.

"காய்தத்த வுடு. நாளிக்கு கடலுக்கு வா, காட்டறேன்" என்றான் தேசப்பன்.

விடியற்காலையில் கட்டுமரத்தில் ஏறினேன். கட்டுமரத்தில் ஏறுவது என்பது நாலு மரக்கட்டைகளுக்கு நடுவே கடலில் உட்காருவதுதான். கரை சிறுத்ததும் தேசப்பன் துடுப்பை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தான். "மாதா கோயில் உச்சி அந்தக் கட்டடத்து மூலைக்கு நேரா வந்துச்சா? இந்தாண்ட உன் கம்பெனி பொகக்கூண்டு, பின்னால கோபுரம். ரெண்டு கோடும் சேர்ற எடம். கீய பார் கீது."

பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மீன் கூடும் இடம். தூண்டிலை விட்டான், பார் அங்கேதான் இருந்தது.

"இதுக்குப் பேரு?"

"ஒத்தப்பனப் பார்."

கரையைப் பார்த்தேன். ஒரு பனையும் இல்லை. அவன் சொன்ன விளக்கம் இதுதான்: பார் கண்டுபிடித்தவன் எதை நேராக வைத்துப் பார்த்தானோ அதுதான் அதற்குப் பெயர். பிறகு அந்த அடையாளம் போகும்போல் இருந்தால், போவதற்குள் வேறொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். பெயரை மாற்ற மாட்டார்கள். பாட்டன் காலத்தில் ஒரு பழைய பண்டகசாலைக் கூரை, அப்பனுக்கு மாதா கோயில், இவனுக்கு எங்கள் புகைக்கூண்டு. நான் ஞாயிறுதோறும் தூசி தின்று சேர்த்த குடியேற்றங்களெல்லாம் கரையில் வரிசையாக நின்று இவர்களுக்கு மீன் காட்டிக்கொண்டிருந்தன.

உணர்ச்சிவசப்பட்டு நோட்டைத் திறந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் கடல் என்னைப் புரட்டியது. திரும்பும் வழியில் குனிந்தவன் நிமிரவே இல்லை. தேசப்பன் பதறவில்லை. நான் கக்கிய இடத்தில் தூண்டிலை விட்டான். நாலு மீன் ஏறியது. "இங்கயும் பார் கீதுடா!" என்று கூவி, சட்டென்று கரையைப் பார்த்து, புகைக்கூண்டு ஒரு கோடு, மாதா கோயில் ஒரு கோடு என்று குறித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு நூலகத்தில் கப்பல்காரர்களுக்காக வரைந்த பழைய கடற்கரைப் படங்களைத் தேடினேன். ஒன்றில், திடலுக்குப் பக்கத்தில், ஒற்றைப் பனை! அதற்குப் பிந்தைய படத்தில் பனை இல்லை. அதே இடத்தில் பண்டகசாலை. இவர்கள் எப்போது வந்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் பனை சாய்வதற்கு முன் இங்கே இருந்தார்கள். அதை எழுத என் பேனாவுக்குத் தடையில்லை.

விசாரணை அதிகாரி மனுவை இரண்டு முறை படித்தார். படங்களின் நகலைச் சன்னலருகே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க இங்க எவ்வளவு நாளா இருக்கீங்க?" என்றார்.

"மூணு வருஷம், எட்டு மாசம், பதினோரு நாள் சார்."

"மணி சொல்லலியே நைனா" என்றான் பின்னாலிருந்து தேசப்பன். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

கிடங்கு வேறு இடத்துக்குப் போயிற்று. என் மனுவால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

நோட்டீஸ் அனுப்பாமலே எடுத்துக்கொண்டது கடல். துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்து அரித்து, திடல் இருந்த இடத்தில் இப்போது அலை. அலைக்கு முன்னால் கருங்கல் குவியல். பண்டகசாலை எப்போதோ போயிற்று. எங்கள் தொழிற்சாலையை மூடி, புகைக்கூண்டையும் இடித்தார்கள். அதற்கு முன்பே தேசப்பன் போய்விட்டான். அவன் பிள்ளைகளும் குப்பத்தின் மற்றப் பிள்ளைகளும் கடலுக்குப் போகவில்லை. ஆகவே புகைக்கூண்டு சாய்வதற்குள் வேறு அடையாளம் பிடித்து வைக்க ஆள் இல்லை.

அதனால் எனக்கு ஒரு சொந்த நஷ்டம் உண்டு. நான் கக்கிய இடத்துக்கு அந்தக் குப்பம் 'குமாஸ்தா பார்' என்று பேர் வைத்திருந்தது. இந்தக் கடற்கரையில் என் பேரால் இருந்த ஒரே இடம். எந்தப் படத்திலும் அதை யாரும் குறிக்கவில்லை, நானும் சேர்த்துத்தான். பாறை அங்கேயே இருக்கும், மீனும் கூடும். எங்கே என்று கேட்டால்தான் எனக்குச் சொல்லத் தெரியாது. தேதி மட்டும் தெரியும்.