திறந்திருப்பதையெல்லாம் மூடுகிறவன்

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். பிரேமுக்கு ஏற்றபடி ஓரத்தை இழைத்து, பொருத்தி, மெல்லிய துணியால் துடைத்துக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகத் துடைத்ததில், எதிரில் ஒரு கறை இருந்தால் எனக்குப் பேச்சே ஓடாது. ஒருமுறை பேசிக்கொண்டிருந்தவரின் மூக்கிலிருந்தே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். அவர் என் மகள் சேரப்போன கல்லூரியின் முதல்வர் என்பது அப்போது நினைவில் இல்லை.

இந்தப் புத்தி போனுக்கும் தாவியது. யார் போன் கையில் கிடைத்தாலும், திறந்து கிடக்கும் ஆப்களின் வரிசையை வரவழைத்து ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடிவிடுவேன். அத்தனையும் பின்னால் ஓடிக்கொண்டு பேட்டரியைக் குடிக்கின்றன என்பது என் சித்தாந்தம். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். படிக்கவில்லை.

கடை டேப்லெட்டில் முதலாளியம்மா திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண் அளவும் வலப்பக்கம் லென்ஸ் ஆர்டருமாக வைத்திருப்பார். சேமிக்காத அளவையும் பாதி நிரப்பிய ஆர்டரையும் ஒரு நாள் நான் துடைத்துத் தள்ளினேன். வாசல் வரை போய்விட்ட வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி அளவெடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கடையில் என் பெயர் துடைப்பம். எனக்கு வெட்கமெல்லாம் வரவில்லை. சுத்தத்தின் அருமை இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி கைக்குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை; இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது. சர்க்கரை ஏறுவதைவிட, திடீரென்று இறங்குவதற்குத்தான் அவள் பயப்படுவாள். இறங்கினால் வியர்க்கும், பேச்சு குழறும், கவனிக்காவிட்டால் மயக்கம் போட்டுவிடும். அதற்காக அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், அளவைப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு தாழ்ந்தால் போன் வீடே அதிரக் கத்தும்.

காலையில் அளவு பார்த்து, ஊசி போட்டு, சாப்பிட்டு முடித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு அவள் தலைவாரப் போவாள். அந்த ஐந்து நிமிஷம் என்னுடையது. மூன்று வாரத்துக்கு முன் அவள் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று சொன்னாளே, விடுவேனா? தினமும் ஆப்களையெல்லாம் தள்ளி மூடி, கடைத் துணியால் திரையையும் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். அவளிடம் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்ற பெருந்தன்மை.

வாரத்துக்கு இரண்டு காலையாவது கத்தும் போன், அந்த மூன்று வாரமும் ஒரு காலைகூடக் கத்தவில்லை என்று அவளே சொன்னாள். காரணத்தை நானே கண்டுபிடித்தேன். ஞாயிறுதோறும் நான் அவளை நடக்கக் கூட்டிப்போகிறேன், அதுதான். கடையில் மார்தட்டிக்கொண்டேன். சர்க்கரை உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு ஆலோசனைகூட வழங்கினேன். அவள் மட்டும், சில நாள் பதினோரு மணிக்குத் தலை சுற்றுகிறது, பிஸ்கட் தின்றால் சரியாகிறது என்றாள். வயசாகிறதல்லவா என்றேன்.

போன ஞாயிறு காலையும் நடக்கப் போனோம். நான் பேசிக்கொண்டே முன்னால் போனேன். வெகுநேரமாகப் பதில் வரவில்லையே என்று திரும்பினால், அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று தெரிந்து பார்த்ததாகத் தோன்றவில்லை. அவள் பையில் எப்போதும் இருக்கும் பழச்சாறு டப்பாவைப் பிரித்து வாயில் வைத்தேன். பாதி என் சட்டையில் கொட்டியது. போன் சத்தமே இல்லாமல் பையில் கிடந்தது. ஆப்பைத் திறந்தேன். திறந்த மாத்திரத்தில் கத்த ஆரம்பித்தது.

அவள் மெல்லத் தெளிந்ததும், சற்றுத் தள்ளிப் போய், சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டு, நேரத்துக்குக் கத்தாத அந்த மெஷினை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பா, அம்மா போன்ல ஆப்பையெல்லாம் தள்ளி மூடினீங்களா?"

பிறகு பொறுமையாக விளக்கினாள். பின்னால் கிடப்பவற்றில் முக்கால்வாசி ஓடுவதே இல்லையாம். போன் அவற்றை அப்படியே தூங்கவைத்துவிடும். வரிசையில் தெரிவது கடைசியாக விட்ட இடத்தின் படம். இடம் போதாவிட்டால் பழையதைப் போனே வெளியேற்றிக்கொள்ளும். மூடியதை முதலிலிருந்து திறக்கத்தான் பேட்டரி கூடுதலாகச் செலவாகுமாம். பாட்டு, வழிகாட்டும் வரைபடம் என்று சிலவற்றுக்கு மட்டும் பின்னாலும் விழித்திருக்க அனுமதி உண்டு. அம்மாவின் ஆப் அந்தச் சிலவற்றில் ஒன்று. தூங்குகிறவர்களோடு காவல்காரனையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அளவு பார்க்க அம்மா திறக்கும்வரை அது எழுந்திருக்காது.

ஆப்பில் பழைய நாட்களைப் புரட்டிப் பார்த்தேன். சென்சார் சேர்த்துவைத்த அளவுகளையெல்லாம் ஆப் திறந்த பிறகு அனுப்பியிருந்தது. ஐந்து காலைகளில், பதினோரு மணி சுமாருக்கு, அளவுக் கோடு சிவப்பு எல்லைக்குக் கீழே போய் வந்திருந்தது. சாப்பாட்டு நேரத்து எண்ணை மட்டும் பார்க்கிறவள் இதைக் கவனித்திருக்க மாட்டாள். என் நடைப்பயிற்சியின் மகிமை.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். மெஷின்மேல் பழி போடலாம். மகளை வாய் திறக்காதே என்று கெஞ்சலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் யோசித்தேன். இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் என் மூளை நன்றாக வேலை செய்யும். ஆனால் அவள் கை இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தது.

"நான்தான் தினமும் காலையில அதை மூடினேன். பேட்டரிக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. ஏதோ கணக்குப் பார்ப்பவள்போல விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"பதினோரு மணிக்குத்தான் நான் குழந்தைங்கள ஒவ்வொண்ணா தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்குவேன். இது கத்தலைன்னா எனக்கு ஒண்ணுமில்லைன்னு நம்பித்தான் இறங்கினேன்."

ஆப் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, போனைத் துடைக்காமலே அவள் கையில் கொடுத்தேன்.