வானம் பிடித்துவைக்கிற கதிர்

கண்ணைக் காப்பாற்றிக்கொண்டே சம்பாதிக்கிறவனுக்கு வெல்டர் என்று பெயர்.

மணல் கொட்டிய கண்

அறுபதுகளில், தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்துப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். இரண்டாவது வாரம், ரெண்டே புள்ளி ஒட்டுதானே என்று கறுப்புக் கண்ணாடியைப் பிடிக்காமல் ஒரு இரும்பை ஒட்டினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. சாயந்திரம் ஊரிகத்தில் இருந்த தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போனபோது கண்ணில் மணலைக் கொட்டியதுபோல ஆகிவிட்டது. வெங்காயம் நறுக்கி நீங்களும் அழுதிருப்பீர்கள். அதை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். பார்வையே போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை என் மனைவி எஸ்தர் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா மருந்து விட்டுக் கட்டுப்போட்டார். இரண்டு நாளில் சரியாகும் என்றார். எஸ்தர் விடவில்லை. "அந்த வெளிச்சத்துல அப்படி இன்னாம்மா இருக்குது?" என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னார்: "புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. சூரியன்லயும் அது இருக்கு. மேல ஓசோன்னு ஒரு வாயு, அதுல கொடுமையானதை எல்லாம் பிடிச்சு வெச்சுக்குது. இல்லேன்னா புல்லு பூண்டுகூடத் தாங்காது. பட்டறையில குறுக்க நிக்க அது கிடையாது, உங்க வீட்டுக்காரர்தான் கண்ணாடியைப் பிடிக்கணும்."

பத்து கேஜ் தகடு

கட்டைப் பிரிக்கப் போன அன்று, அந்த வாயு எவ்வளவு தடிப்பு என்று நானே கேட்டேன். உயரத்தில் மைல் கணக்கில் பரவிக் கிடக்கிறதாம். எல்லாவற்றையும் திரட்டித் தரைக்குக் கொண்டுவந்தால் மூன்று மில்லிமீட்டர் தேறுமாம். ஏறக்குறைய எங்கள் பத்து கேஜ் இரும்புத் தகட்டின் தடிப்பு. பட்டறையில் ஒரு துண்டை எடுத்து ஃபிட்டர் முனுசாமியிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். விரலால் தடவிப் பார்த்தார். "தண்ணித் தொட்டிக்கே நாம இதைவிடத் தடிப்பா போடுறோம்பா."

சாக்குத் திரை

ஒருமுறை, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் இரும்புக் கதவு முறிந்துவிட்டது. அங்கேயே ஒட்டச் சொன்னார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவர்கள், அதுவரை இருட்டில் கிடந்தவர்கள், என் வெளிச்சத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் கையை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி அவசரப்படுத்தினார். மறைப்புக் கட்டாமல் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் முறைத்துக்கொண்டே இருக்க, முனுசாமி நாலு சாக்கைக் கொண்டுவந்து கட்டினார்.

நின்றவர்கள் காரணம் கேட்டார்கள். ஓசோன் கதையைச் சொன்னேன். பாறையில் துளை போடுகிற சின்னப்பன் அங்கே இருந்தார். சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்ததில் தம்பியைப் பறிகொடுத்தவர். வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க தலைக்கு மேல ஒரு மைலுக்கு மேல பாறை இருக்குது, அதையே நம்ப முடியலை. இது இவ்ளோண்டு இருந்துகினு இத்தினி பேரைக் காப்பாத்துதே."

இத்தனை வருஷத்தில் நான் ஒட்டியவற்றில் பல மறுபடி முறிந்து என் கைக்கே திரும்பி வந்தன. ஓசோன் பிற்பாடு மெலிந்ததுகூட நாம் விட்ட வாயுவால்தான் என்கிறார்கள்; மேலே நடக்கிற அந்தக் காவல் வேலையில் மட்டும் குறை சொல்ல எனக்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.